எனக்குக் கேட்கவில்லை

மார்ச் 4
குளியலறைக் குழாயில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாக அண்ணன் இன்றும் சொன்னான். ஸ்கிசோஃப்ரினியா அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஏய் ஊமைக்கோட்டான், உனக்குக் கேக்குதா இல்லையா?" தோளைப் பிடித்து உலுக்கினான். அம்மா தையல் ஆலைக்குப் போயிருந்தாள். பயத்தில் "கேக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டேன். உடனே அடங்கிவிட்டான். அப்பாடா.

மார்ச் 5
அப்பாடாவா? காலையிலிருந்து ஒரே கேள்வி. "என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" ஒன்றுமில்லை என்றால், "மறைக்கிறியா? நீயும் அவங்க ஆளா?" நான் வைத்த தட்டைத் தொடவில்லை. மாத்திரையையும்.

மார்ச் 7
அம்மா ஊட்டினாலும் என்னைக் காட்டி "அவதானே சமைச்சா" என்கிறான். இப்படியே போனால் மறுபடி மனநல வார்டில்தான் சேர்க்க வேண்டும் என்று அம்மா அழுதாள். போன தடவை நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனது — ஐயோ, வேண்டாம். அவனைப் பார்த்துக்கத்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். நானே கெடுத்துட்டேனே. அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

மார்ச் 9
மாதாமாதம் ஊசி போட வரும் நர்ஸ் அக்கா வந்தார். வாசலை மறைக்காமல், அவனுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தார்.
"எனக்கு எதுவும் கேக்கல தம்பி. ஆனா உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?"
"ம்."
அவனுக்கும் பயமா? இதை நான் ஒருநாளும் கேட்டதில்லையே.
"இவளுக்கும் கேக்கும்" என்று என்னைக் காட்டினான். அக்கா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேசாமல் காத்திருந்தார்.
"பொய் சொன்னேண்ணா. எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கல. உன்னைப் பாத்து பயந்துட்டேன்."
எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஊசி போடவில்லை. நாளை வருவதாகக் கதவுக்கு வெளியே நின்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

மார்ச் 10
ஊசி போட்டுக்கொண்டான். அம்மா கொடுத்த பாலைக் குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 13
துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.
"ஊமைக்கோட்டான், இப்ப கேக்குதா?"
"இல்லண்ணா. எனக்குக் கேக்கல. உனக்கு?"
"கேக்குது."
"பயமா இருக்கா?"
குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உனக்குக் கேக்கலன்னா சரி. சோறு போடு" என்றான்.
அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. ஒரு வாய் வைத்துவிட்டு முறைத்தான்.
"உப்பு எங்கடி?"