எண்பது குதிரையும் உங்கள் டீசல் ஜீப்பும்

மதினி,

இன்று காலை தேவகோட்டைச் சாலை பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போது இரண்டு சொட்டு கையில் தெறித்தது. துடைத்தும் வாசம் போகவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் பக்கத்து சீட்டில் நீங்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. உடனே உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நமக்குள் வண்டிச் சண்டைதானே. என் பெட்ரோல் காருக்கு எண்பது குதிரைத்திறன். தோட்டத்துக்கு நீங்கள் ஓட்டிய டீசல் ஜீப்புக்கு அறுபது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மானகிரி ரோட்டில் இரண்டையும் விட்டுப் பார்த்தோம். இன்ஜின் சுற்றும் வேகம் ஏற ஏற என் கார் பாடிக்கொண்டு பறந்தது. நீங்கள் என் கண்ணாடியில் புள்ளியாகிப் போனீர்கள். இறங்கியதும் நான் சிரித்தேன். நீங்கள் அசரவில்லை.

"நீ ஓடுறதைச் சொல்ற, நான் இழுக்குறதைச் சொல்றேன்த்தா. ஒன் வண்டி மூச்சுவாங்க ஓடுனாத்தான் பலம் காட்டும். என்னுது நின்ன எடத்துலயே காட்டும்."

அன்றைக்கே இரண்டு வண்டியின் கையேட்டையும் எடுத்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை உங்கள் ஜீப்பில் ஒன்றரை மடங்கு. அதுவும் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே முழுசாக வந்துவிடுகிறது. படித்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. பக்கத்து வீட்டுச் செல்விக்குப் பிரசவ வலி கண்டு, காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். நாச்சியாபுரம் தாண்டிக் கண்மாய்க்கரை ஒற்றைப் பாதையில் செங்கல் ஏற்றிய வேன் ஒன்று அச்சு வரை சேற்றில் புதைந்து, வழியை அடைத்துக் கிடந்தது. திரும்பவும் இடமில்லை. செல்வியை இறக்கி நடத்தவும் முடியாது. என் எண்பது குதிரையும் சும்மா உறுமிக்கொண்டு நின்றன. உங்களுக்குப் போன் போட்டேன்.

தோட்டத்திலிருந்து எதிர்ப்பக்கமாக வந்தீர்கள். ஜீப்பிலிருந்து வேனுக்குச் சங்கிலி மாட்டினீர்கள். வேன்காரர் பதறிப்போய், "வேகமா மிதிங்கம்மா" என்றார்.

"மிதிச்சா சக்கரம் சேத்தைத்தான் தோண்டும். பேசாம இருங்க."

நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து, கிளட்சை நூல் நூலாக விட்டீர்கள். ஜீப்பின் சத்தம் ஏறவே இல்லை. சங்கிலி விறைத்தது. செங்கலோடு சேர்ந்து அந்த வேன் எருமை எழுந்திருக்கிற மாதிரி சேற்றிலிருந்து எழுந்து வந்தபோது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செல்விகூட வலியை மறந்து எட்டிப் பார்த்தாள்.

வேனை மேட்டில் ஒதுக்கிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தீர்கள். "ரோடு ஏறியாச்சுன்னா ஒன் குதிரையெல்லாம் அவுத்துவிடு. அங்குட்டு என் வண்டி ஒதவாது."

அவிழ்த்துவிட்டேன் மதினி. ஆஸ்பத்திரிக்குள் போன அரைமணி நேரத்தில் பெண் குழந்தை. நீங்கள் வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் சேறு. இரண்டு பேரும் வராந்தாவில் நின்று, யார் ஜெயித்தது என்று மறுபடி ஆரம்பித்தோம். நர்ஸ் வந்து விரட்டினார்.

உங்கள் ஜீப்பை விற்க அண்ணனை நான் விடவில்லை. இப்போது இரண்டையும் நானே ஓட்டுகிறேன். போன வாரம் செல்வி வந்தாள். சமையல் ஆர்டர் எடுக்கிறாளாம், வண்டி வாங்கப் போகிறாளாம். "பெட்ரோலா டீசலா, எது நல்லதுக்கா?" என்றாள். பழைய நானாக இருந்தால் யோசிக்காமல் பெட்ரோல் என்றிருப்பேன்.

"எதை ஏத்தப் போற, எந்தப் பாதையில போற, அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, குரல்கூட உங்களுடையதாகவே வந்திருந்தது.