நாற்பத்தொன்றாம் எண் கல்

உனக்கு,

"மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு" என்று எழுதி அடித்துவிட்டேன். இது அலுவலகக் கடிதம் இல்லை.

நாம் படித்த ஜியாலஜி கட்டடத்தில் வேலை முடியப்போகிறது. மாணவர்கள் குறைந்ததும் அங்கே விடைத்தாள் திருத்தினார்கள். கொரோனாவில் கட்டில்கள் போட்டார்கள். தேர்தலில் வாக்கு இயந்திரங்களைப் பூட்டி வைத்தார்கள். அப்போதெல்லாம் நம் கல் அலமாரிகளை யாரும் தொடவில்லை. நீதான் விழா அரங்கம் ஆக்குகிறாய்.

"பயனற்ற பொருட்கள்" பட்டியலில் கல் மாதிரிகளைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுமுன் ஆய்வக உதவியாளரான என்னிடம் கேட்டிருக்கலாம். பதினெட்டு வருடமாகத் தற்காலிக உதவியாளர்தான், இருந்தாலும்.

கொத்தனார் சோணை நல்ல மனிதர். "கழிவுக் கல்லுன்னு சொன்னாகம்மா, வாசப்படிக்குப் போட்டுட்டேன். எம்புட்டுக் கல்லு!" என்றார். ஒவ்வொன்றிலும் நாம் வெள்ளை பெயின்டில் எழுதிய எண்கள் அவருக்கு எப்படிப் புரியும்?

நாற்பத்தொன்று, மேலூர்ப் பாறையில் நாம் உடைத்தது. "நம்ம பேரு நிக்க இந்த ஒரு கல்லு போதும் புள்ள" என்றாய். பதிவேட்டில் இடமும் தேதியும் உன் கையெழுத்தில் இருக்கின்றன. அந்த மாதம்தான் உன் அப்பா என் தெருப் பெயரை விசாரித்தார். அடுத்த மாதம் திருமங்கலத்தில் உனக்குப் பெண் பார்த்தார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கல் மூன்றாவது படியில், இடது ஓரத்தில் இருக்கிறது. எண் இன்னும் தெரிகிறது. திறப்பு விழாவுக்கு வரும்போது தாண்டிப் போகாதே. மிதித்தே ஏறு, பழக்கம்தானே.

இப்படிக்கு,
மீதிப் பதிவேட்டை வைத்திருப்பவள்