சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை, வியாழன் இரவு

நான் உள்ளே கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் பேட்டரி மோட்டார் சைக்கிளைக் கழுவியிருக்கிறார். பழைய பெட்ரோல் மோட்டாரை வருடா வருடம் கழுவியது போலவே, சீட்டைத் தூக்கி, உள்ளேயெல்லாம் தண்ணீர் பீய்ச்சி. சார்ஜ் போடும் துளைமேல் சந்தனம் வேறு. சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்த பிறகு அவராக எழுந்து செய்த முதல் வேலை. எப்படித் திட்டுவது?

சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பினேன். விளக்குகூட எரியவில்லை.

பக்கத்து வீட்டு மெக்கானிக் குமார் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "நமக்கு பெட்ரோல் வண்டிதான்லா தெரியும் அக்கா. இத சுங்கை பட்டாணி டவுனுக்கு லோரில ஏத்திதான் கொண்டு போவணும். கடையும் திங்கக்கெழமதான் தொறப்பான்."

காலை ஐந்தரைக்கு ரோட்டு முனையில் கம்பெனி பஸ். அந்த முனைவரை செம்பனைத் தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர், கும்மிருட்டு. போன மாதமே இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இனியும் போகாவிட்டால்...

"நல்லாதானே கழுவுனேன். ஏன் ஓடல?" என்று இவர் கேட்டார்.

"சார்ஜ் இல்லீங்க. காலையில ஓடும்."

"அப்போ பழத்த நசுக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

பழம் இன்னும் முழுசாகக் கிடக்கிறது. அவர் எழுவதற்குள் வண்டியைத் தள்ளி நசுக்கிவிடலாம். அப்புறம் வண்டியை எங்கே ஒளித்து வைப்பது?