முப்பத்தாறு பலகை

1962 நவம்பர் 17, சனி

கிண்ணியாக் கிளினிக்கில் இன்றைக்கு இருபத்திரண்டு கர்ப்பிணிகள். ஸல்ஹாவோடு வழக்கமான சண்டை. நோன்புக்கு முந்தியே பிள்ளை வந்துவிடும் என்கிறாள். என் அட்டைப்படி நோன்பு பாதி போன பிறகுதான். "ஒரு கணக்காவது ஒழுங்காச் சொல்ல மாட்டியே?" என்று ஏசினேன். "பிள்ளை அட்டைய வாசிச்சிட்டா மிஸி வரும்?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மருத்துவிச்சியையே மடக்குகிற வாய்க்காரி.

மூத்தவன் பிறந்தபோது உதிரம் மிதமிஞ்சிப் போய்த் தப்பியவள் இவள். இந்த முறை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நோன்பு தொடங்கியதும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று புருஷன் தாஹிரிடமும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 24

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிந்தது. எழுதினால் பாரம் குறையுமாம், பேணாட் சொல்கிறார். துறைமுகத்துக் கிளாக்கரைக் கட்டினால் எல்லாவற்றுக்கும் எழுத்துத்தான் மருந்து. எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கிண்ணியா பஸ். பட்டணத்தில் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்த ஸல்ஹா என் பக்கத்தில் இருந்தாள். துறையில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் பஸ்ஸைப் பாதையில், அந்தப் பலகை மிதவையில், ஏற்றுவார்கள். ஏற்றியதும் கம்பியைப் பிடித்துப் பாதையை அக்கரைக்கு இழுப்பார்கள். அதுதான் முறை. அன்றைக்குக் கொட்டுகிற மழை. இறங்க எழும்பியவளை நான்தான் கையைப் பிடித்து இருத்தினேன். "நனைஞ்சால் காய்ச்சல் வரும். இரு." மிஸி சொன்னால் டிரைவர் மறுக்கவா போகிறார்?

முன்சில்லு பாதையில், பின்சில்லு கரையில். பாதை விலகியது. டிரைவர் பாய்ந்துவிட்டார். பஸ் சரிந்து தண்ணீருக்குள் போனது.

பிறகு தண்ணீர். பிறகு அவளுடைய கை. அந்த வயிற்றோடு என்னை முதலில் ஜன்னலால் வெளியே தள்ளினாள். நான் திரும்பி அவளை இழுத்தேனா? இல்லை. கத்திக்கொண்டு நின்றேன். பாதைக்கார அலியார் பாய்ந்துதான் அவளை எடுத்தார்.

கரையில் இருந்து இருமி முடித்து, வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். "உதைக்குது மிஸி. பயப்படாதீங்க" என்றாள். அவள் எனக்குச் சொன்னாள்! பதினான்கு வருஷமாய் நான் மற்றவர்களுக்குச் சொல்லுகிற சொல்.

ஒருவரும் சாகவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

நவம்பர் 27

தலையில் தண்ணீர் ஊற்ற ஏலவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன்.

டிசம்பர் 3

துறை வரைக்கும் போனேன். பாதை வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போனது. நான் அதே இடத்தில் நின்றேன். அடுத்த பஸ்ஸில் வீடு.

மூதூர் மிஸி கிழமைக்கு ஒருநாள் வந்து என் கிளினிக்கைப் பார்க்கிறாவாம். பட்டணத்துக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். பேணாட் வாசித்தார். "அனுப்பிறதெண்டால் அனுப்பு மாகி. இண்டைக்கு மட்டும் வேண்டாம்" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இதையே நேற்றும் சொன்னார். நாளைக்கும் சொல்வார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13

இன்றைக்கு வாசலில் யார்? ஸல்ஹா. கையில் ஒரு முட்டி தயிர், முன்னால் அந்தப் பெரிய வயிறு, பின்னால் தாஹிர். மருத்துவிச்சியைப் பார்க்கப் பிள்ளைத்தாச்சி ஆறு தாண்டி வந்த கதையை எங்கே போய்ச் சொல்ல!

கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனவள் அங்கேயே நின்று அழுதேன். பின்னால் வந்து நின்றாள். "நான்தானே உன்னை இருத்தினனான்" என்றேன்.

"மழைதானே மிஸி பெய்ஞ்ச. நீங்களா பெய்ஞ்ச?"

எப்படிப் பாதையில் ஏறினாய் என்று கேட்டேன். "தண்ணியப் பாக்கல்ல. காலுக்குக் கீழ பலகைய எண்ணினன். முப்பத்தாறு பலகை. எண்ணி முடியக் கரை வந்திட்டு" என்றாள், கிழங்கு விலை சொல்வதுபோல.

பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றவள். நான் கொழும்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். அவளுடைய நெஞ்சுரத்தில் கால்வாசி எனக்குக் கிடையாது. வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் அவளை நினைக்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது.

டிசம்பர் 25

பூசையில் தீர்த்தம் தெளித்தபோது தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். பேணாட் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

1963 ஜனவரி 9

மத்தியானம் தாஹிர் ஓடி வந்தான். "நோ வந்திட்டு மிஸி. தண்ணிக்குடம் உடைஞ்சி போச்சி. இங்கால கொண்டுவர ஏலா." நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கிறது. மூதூர் மிஸிக்கு ஆள் அனுப்பினால் பொழுது பட்டுவிடும். உதிரம் போகிற உடம்பு. பையை எடுத்தேன்.

துறையில் கால் மறுபடி கல்லாய்ப் போயிற்று. அலியார் கையை நீட்டினார். பிடித்து ஏறினேன். கண்ணைக் கீழே வைத்து எண்ணினேன். முப்பத்துநாலு.

அதெப்படி? மற்ற முனையிலிருந்து எண்ணினேன். முப்பத்துநாலுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பலகை எண்ணவும் தெரியாதவள் மாதம் எண்ணினால் எப்படி இருக்கும்! மூட்டைகளுக்குக் கீழே இருந்ததையும் ஆட்களை விலக்கி எண்ணினேன். "மிஸி, இறங்குங்க. கரை வந்து எவ்வளவு நேரம்" என்றார் அலியார்.

நாலு மணிக்குப் பெண்பிள்ளை. உதிரம் வந்தது, பயந்த அளவுக்கு வந்தது. நிறுத்தினேன்.

பிள்ளை நிறைமாதம். என் அட்டைதான் பிழை.

ஜனவரி 12

தாயும் பிள்ளையும் சுகம். "உன்ரை மாதக் கணக்குச் சரி, பலகைக் கணக்குப் பிழை. முப்பத்துநாலுதான்" என்றேன்.

ஸல்ஹா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திச் சிரித்தாள். "நான் எங்க மிஸி எண்ணின? கண்ண இறுக்கிப் பொத்திக்கிட்டு தாஹிர்ர கையப் புடிச்சிக்கிட்டு வந்த. பயத்தில தின்னதெல்லாம் சத்தி எடுத்த." பிறகு, "பிழைக் கணக்கெண்டா நீங்க உடமாட்டீங்கண்டு தெரியும். அதான் வாயில வந்த ஒரு தொகையச் சொன்ன" என்றாள்.

அவளும் பயந்திருக்கிறாள். அவ்வளவு பயத்தோடும் தயிர் முட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறாள். திரும்பி வரும்போது பாதையில் அழுதேன். துடைக்கவில்லை.

மாற்றக் கடிதத்தால் பேணாட் அடுப்பு மூட்டினார்.

நவம்பர் 11

மழை. கிளினிக்கில் பத்தொன்பது பேர். ஸல்ஹாவின் மகள் கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறாள்.

போகும்போது பாதையில் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, முகம் வெளுத்து, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றா. நானும் கைப்பிடிக் கம்பியை விடவில்லை, மழைநாளில் இன்னும் அப்படித்தான். பக்கத்தில் போய், "கீழ பலகையை எண்ணுங்கோ டீச்சர், முப்பத்தாறு இருக்கு" என்றேன்.

அலியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியான தொகையைச் சொல்லிவிட்டால் அந்த டீச்சர்ப் பிள்ளை ஒருதரம் எண்ணிவிட்டு நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்துவிடுமே.