உறுப்பினர் எண் 112

5 மே 2025, திங்கள்

வீட்டுக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் நானாம்!

கிள்ளான் வங்கியில் அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். என் கடன் அறிக்கை. என் ஐசி, அடையாள அட்டை நம்பருக்குக் கீழே மூன்று போன் லைன், மூன்றும் தவணையில் வாங்கிய புதுப் போன்களோடு. இரண்டு வருடமாகக் கட்டாத பாக்கி 4,870 மலேசிய வெள்ளி. “இத கிளியர் பண்ணிட்டு வாங்கக்கா, அப்புறம் பார்க்கலாம் லா” என்றாள். கிளியர் பண்ணுவதற்கு நான் வாங்கியிருக்க வேண்டுமே! நான் வைத்திருப்பது மகள் பிரியா பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய போன். அதற்கு ப்ரீபெய்ட், மாதம் இருபது வெள்ளி.

சுங்கை பூலோ வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஜூன் 13 வரைக்கும்தான் பிடித்து வைக்க முடியும் என்கிறாள் ஏஜெண்ட் பரீதா. என் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருடம். ஏழு வருடமும் பண்டமாரானில் பாலன் அண்ணன் வீட்டில் ஒரே அறை, எனக்கும் பிரியாவுக்கும். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, ஆகஸ்டில் அந்த அறையும் வேண்டும். பிரியாவுக்குக் கோலாலம்பூரில் டிப்ளோமா இடம் கிடைத்திருக்கிறது. சுங்கை பூலோவில் எம்ஆர்டி ரயில் ஏறினால் கல்லூரி வாசலில் இறங்கலாம். எல்லாக் கணக்கும் சரியாகத்தானே போட்டிருந்தேன்?

எவனாக இருந்தாலும் சரி. விடமாட்டேன்.

6 மே

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தேன். “யார் மேலயாவது சந்தேகமா?” என்று கேட்டார்கள். ஊரில் பாதிப் பேர் மேல் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

9 மே, வெள்ளி

ஆபீசில் அரை நாள் லீவு. ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன், போன் கம்பெனியின் புகார் கவுண்டருக்கு. ஆட்சேப மனு, போலீஸ் ரிப்போர்ட், சத்தியப் பிரமாணக் கடிதம் எல்லாம் கொடுத்தேன். விசாரித்து, தப்பு என்றால் அறிக்கையிலிருந்து எடுக்க ஒரு மாதமாவது ஆகுமாம். அந்த லைன் வாங்க யார் என்ன காகிதம் கொடுத்தார்கள் என்று காட்டச் சொன்னேன். தபாலில் நகல் வரும் என்றார்கள்.

வெளியே வந்து கச்சான் கடலை வாங்கித் தின்றேன். கோபத்தில் அரைக் கிலோ தின்றுவிட்டேன் போலிருக்கிறது.

15 மே

ஒன்றும் வரவில்லை. துறைமுகத்தில் கண்டெய்னர் பேப்பர் எழுதும்போதுகூட அந்த 4,870தான் கண்ணில் நிற்கிறது.

20 மே, செவ்வாய்

வந்துவிட்டது!

விண்ணப்பப் பாரத்தில் என் கையெழுத்து மாதிரி எதையோ கிறுக்கி வைத்திருக்கிறான், பாவி. அது கிடக்கட்டும். கூட இருப்பது என் ஐசி நகல். அதன் மேல் மூலையில் நீல மையில் 112 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

112 என் கோயில் உறுப்பினர் எண். அந்த வளைத்துச் சுழித்த இரண்டு, எங்கள் கோயில் செயலாளர் பரமேஸ்வரன் அண்ணன் போடும் இரண்டு. ரசீதில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கோயில் தேர்தலுக்கு அவர் வீடு வீடாக வந்தார். “ஐசி காப்பி ஒண்ணு குடும்மா, மெம்பர் ஆக்கிடறேன். நம்ம டீம் ஜெயிக்கணும்லா.” பண்டமாரான் முழுக்கக் கொடுத்தது. வங்கிக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும்போதெல்லாம் நகலின் மேல் இரண்டு கோடு கிழித்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பவள் நான். கோயிலுக்குக் கொடுப்பதில் போய் யார் கோடு கிழிப்பார்கள்? சாமிக்கே சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும் என்று வெறுமனே கொடுத்தேன். மடச்சி!

22 மே, வியாழன்

கோயில் ஆபீசுக்கே போய்ப் பரமேஸ்வரனிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். நகலை மேசையில் வைத்ததும் சிரிப்பு நின்றது.

அத்தனை நகலையும் எங்கள் குடியிருப்பு தாமான் முனையில் போன் கடை வைத்திருக்கும் திருச்செல்வம் கடையில் போட்டோஸ்டேட் எடுத்தாராம். ஃபைல் இரண்டு வாரம் அங்கேயே கிடந்ததாம். திருச்செல்வம்தான் வருடா வருடம் திருவிழா அன்னதானம் போடுகிறவர்.

“நான் என்னம்மா பண்ணேன்? எனக்குத் தெரியுமா?” என்றார். அடுத்த மூச்சிலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். “ஒனக்கு மட்டுமா நடந்துச்சு? போன வருஷமே ரெண்டு பேரு வந்தாங்க, பேசி முடிச்சு வச்சேன். கோயில் பேரு கெட்டுடக் கூடாதுல்ல.”

தெரிந்திருக்கிறது! போன வருடமே தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே அன்னதானத்தில் என் தட்டில் பாயசம் ஊற்றினார். ஊத்துன கைய ஒடிக்கணும்.

25 மே, ஞாயிறு

பரமேஸ்வரன் வீட்டுக்கே வந்தார், மனைவி லெட்சுமி அக்காவையும் கூட்டிக்கொண்டு. அக்கா கையில் ஆப்பிள் பை. பேச்சு இதுதான்: திருச்செல்வம் தன் கடையில் நடந்த தப்பு என்று கம்பெனிக்குக் கடிதம் கொடுப்பார். மூன்று நாளில் என் பெயரிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு நான், எனக்கு எந்தப் புகாரும் இல்லை, கோயிலை இழுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் 15 கோயில் ஆண்டுக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது.

“போட்டுரு மாதவி, ஒன் வேலை முடிஞ்சிரும்” என்றான் பாலன் அண்ணன்.

“அப்ப மத்தவங்க?” என்றேன். எனக்கே தெரியும், மற்றவர்களுக்காக நான் கேட்கவில்லை. அந்த ஆள் கூட்டத்துக்கு நடுவில் நிற்பதை நான் பார்க்க வேண்டும். வேட்டி சட்டையோடு, மைக்குக்கு முன்னால். நினைத்தாலே நெஞ்சுக்குள் ஜில்லென்று இருக்கிறது.

ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

படுக்கும்போது பிரியா கேட்டாள். “அந்தக் கையெழுத்தப் போட்டிருந்தா வீடு கெடைச்சிருக்குமாம்மா?”

“கம்பெனியே சரி பண்ணிடும். அதுக்குள்ள வந்துரும்” என்றேன்.

1 ஜூன்

பதினேழு பேர் பெயரில் கள்ள லைன்! வீடு வீடாகப் போய் அவரவர் அறிக்கையை எடுத்துப் பார்க்க வைத்தேன். புஷ்பவல்லி ஆன்டி பெயரில் ஐந்து லைன், அவருக்குப் போனில் மெசேஜ் படிக்கக்கூடத் தெரியாது. எல்லாருடைய கம்பெனி நகலும் வந்தால் எல்லாவற்றிலும் அந்த நீல நம்பர் இருக்கும். அவசரம் என்று கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

6 ஜூன்

பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் செய்தேன். இன்னும் விசாரணையில் இருக்கிறதாம். “கெனா துங்கு லா, காக்.” காத்திருக்க வேண்டுமாம். எத்தனை நாள்?

11 ஜூன், புதன்

பரீதாவிடம் இன்னும் பத்து நாள் கேட்டேன். “அக்கா, எனக்கு ஆசைதான். வீட்டு ஓனர் கையில இன்னொரு ஆளு இருக்காங்க, ரொக்கம்.” அந்தக் கடிதத்தை மட்டும் வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பரமேஸ்வரன் நம்பரைத் தேடி எடுத்தேன். திரையில் அவர் படம், மாலையும் சந்தனமுமாக. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

13 ஜூன்

வரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பரமேஸ்வரன் ஆண்டறிக்கையை வாசித்து முடித்து, கேள்வி உண்டா என்றார். எழுந்தேன். என் நகலைத் தூக்கிக் காட்டி 112 என்றேன். பின்னாலிருந்து புஷ்பவல்லி ஆன்டி 87 என்றார். அப்புறம் 140. அப்புறம் 63. ஒவ்வொருவராக நம்பர் சொல்லி எழுந்தார்கள். பரமேஸ்வரன் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். “போன வருஷமே தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க” என்றேன். தெரியும் என்றார். மைக்கில் நன்றாகக் கேட்டது.

அங்கேயே பதவி விலகினார். திருச்செல்வத்தின் கடைக்கு நாளைக்குப் போலீஸ் போகுமாம். லெட்சுமி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். பாவமாக இருந்ததா? இல்லை. இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

16 ஜூன்

சுங்கை பூலோ வீடு விற்றாகிவிட்டது. பரீதா மெசேஜ் போட்டாள், ஒரு அழுகிற முகத்தோடு. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

24 ஜூன், செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். மூன்று லைனும் ரத்து, அறிக்கையிலிருந்து நீக்கம், சிரமத்துக்கு வருந்துகிறோம். பதினொரு நாள் தாமதம். சுத்தமான அறிக்கை கையில் இருக்கிறது. அந்த விலைக்கு வேறு வீடு இல்லை, தேடிவிட்டேன்.

கோயில் வாட்சாப் குரூப்பில் என்னைச் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். நாற்பது பேர் கட்டை விரல் போட்டிருக்கிறார்கள். பிரியாவிடம் காட்டினேன். பார்த்தாள்.

29 ஜூன், ஞாயிறு

ஆகஸ்டிலிருந்து எங்களுக்கு ஹால்தான் என்று அண்ணி சொல்லிவிட்டாள். மெத்தையைப் பகலில் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

மத்தியானம் பிரியா ஒரு பாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கோலாலம்பூர் இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாளாம். ஜொகூர் பாலிடெக்னிக்கில் ஹாஸ்டலோடு கிடைக்கிறதாம். எப்போது எழுதினாய் என்று கேட்டேன். “நீங்க வீடு வீடா போய்க்கிட்டிருந்தீங்கள்லம்மா, அப்ப” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். இரண்டு வாரமாகத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கு ருசிக்கவில்லை.

பாரத்தை நிரப்பினேன். அம்மா பெயர், வேலை, சம்பளம். நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“மாமா வீட்டு அட்ரஸே போட்டுடுங்கம்மா” என்றாள் பிரியா.

போட்டேன்.