பாபுஜி நிற்கப் போகிறார்

திங்கள், டிச. 8
மூடுபனி. துவாரகாவிலிருந்து மெட்ரோ, பிறகு ஆட்டோ. கேட்டில் வழக்கம்போல போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு பெரிய பங்களா! பக்கவாதம் வந்த கட்சித் தலைவர் பாபுஜி பிடித்து நடக்க ஒரு கைப்பிடி கிடையாது. முகம் தெரியும் பளிங்குத் தரை, அதன்மேல் கம்பளம், கம்பளத்தின்மேல் இன்னொரு கம்பளம். பிசியோதெரபிஸ்ட் எனக்கு இது வீடா, வழுக்குமரமா? கைப்பிடி கேட்டு மூன்று மாதம். பாபுஜி மருமகளின் பதில் இன்றும் அதே: "சுவர் அழகு கெட்டுடும்ஜி."

புதுச் செய்தியும் அவர் வாயால்தான். ஞாயிறு பாபுஜியின் பிறந்தநாள். வருஷா வருஷம் பால்கனியில் நின்று தொண்டர்களுக்குத் தரிசனம். இந்த வருஷம் மகனின் கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். தூக்கினால் கட்சி மகனுக்கு. அவர் நிற்கமாட்டாரே என்றேன். இடுப்பில் பெல்ட், திரைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள். எல்லாம் யோசித்தாயிற்று.

பொம்மலாட்டமா நடத்துகிறார்கள்? விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்: அவராக நிற்பார், இல்லையென்றால் நாற்காலியில் இருப்பார். பெல்ட் கிடையாது.

செவ்வாய், 9
இடது கால் மரக்கட்டை. "வரல பேட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இந்தியில் மகளே என்று கொஞ்சினாலும் நான் விடவில்லை. எனக்கு வியர்த்தது, அவருக்கு இல்லை.

வாங்க: பால், வெந்தயம், குட்டிக்கு ஸ்வெட்டர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மதுரைக்காரர் பயந்துவிட்டார். "பெரிய எடத்து வெவகாரம்மா. போனமா, வேலையப் பாத்தமான்னு வா." வேலையைத்தான் பார்க்கிறேன்.

வியாழன், 11
மகன் வந்தார், கூடவே போட்டோகிராபர். அப்பா எதிரிலேயே அப்பாவின் சால்வைக்கு நிறம் முடிவு செய்தார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் போனதும் பாபுஜிக்கு வந்த கோபத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இடது கால் ஊன்றியது. என் கண்ணால் பார்த்தேன்.

"பாபுஜி, கால் வருதே!"

"கதவச் சாத்து." சாத்தினேன். "நின்னா அவன் கையைத் தூக்கணும். நோவு வந்த நாள்லேருந்தே இதான் இங்க பேச்சு. அதான் நிக்கல."

மூன்று மாதம்! எனக்கும் கோபம். நடிப்பை மேடையோடு வைத்துக்கொள்ளக் கூடாதா?

"உங்க கட்சி எனக்கு வேண்டாம் பாபுஜி, கால்தான் வேணும். இப்படியே கிடந்தா நிஜமாவே போயிடும். பெல்ட் போட்டா உங்க கையையும் அவங்களே தூக்கிடுவாங்க."

வலது கையை என் பக்கம் நீட்டினார். பிறகு, "சலோ. நிக்க வை."

சனி, 13
நேற்றும் இன்றும் ஜன்னல் கட்டையைப் பிடித்து நின்றார். ஒருமுறை என்மேல் சாய்ந்தார், இந்தியில் நல்ல வசவு. எனக்கா, காலுக்கா தெரியவில்லை. வலது கை பிடியை விடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். மருமகளிடம்: நிற்பார், பெல்ட் வேண்டாம். அவருக்கு ஒரே சந்தோஷம். மகனுக்குப் போன் பறந்தது. பாவம்.

ஞாயிறு, 14
வெயில் வந்துவிட்டது. புல்வெளி நிறையத் தலைகள், செவ்வந்தி மாலை, கோஷம். திரைக்குப் பின்னால் நான் மட்டும்.

வலது கையால் கம்பியைப் பிடித்து எழுந்தார். நின்றார். கீழே ஒரே ஆரவாரம். மகன் நெருங்கிக் கையை நீட்டினார். பாபுஜி கம்பியை விட்டுவிட்டார். ஐயோ என்று ஓடப் பார்த்தேன். வலது கையால் வராத இடது கையை இழுத்து, மார்பில் சேர்த்து, கும்பிட்டார்.

மகன் சிரித்துக்கொண்டே முழங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கூட்டம் பார்க்கிறது, அதற்குமேல் இழுக்க முடியாது. குவித்த கை பிரியவில்லை. கால் நடுங்கியது, அதுவும் மடங்கவில்லை. அப்படியே நின்று, அப்படியே உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே வந்ததும் மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்ஜி."

நாற்காலியிலிருந்து பாபுஜி: "நாளைக்குச் சீக்கிரம் வா பேட்டி. படி ஏறணும்."