பேரினத்துக்கு அண்ணன் பெயர்

மார்ச் 3
கட்டுரையை அனுப்பியாகிவிட்டது. புதுப் பேரினம், அதற்கு அண்ணன் பெயர். நூல்நூலாகக் கிளைத்து, பூஞ்சை போல வேஷம் போடும் பாக்டீரியா. குவாரியில் பாறை துளைத்தபோது, அடிக்குழி மண்ணை மாத்திரை டப்பாவில் அண்ணன்தான் கொண்டுவந்து தந்தான். நான்கு வருஷமாயிற்று. இப்போது குவாரி முழுக்கத் தண்ணீர். அண்ணன் நெஞ்சு முழுக்கக் கல்தூசி.

மார்ச் 19
மருத்துவமனை. அண்ணனுக்கு நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது.
"என் பேரை வெச்சுட்டாங்களா?"
"இன்னும் இல்லண்ணா. அது உயிரோட ரெண்டு நாட்டுக் கிருமிச் சேமிப்பகத்துல இருக்கணும். அப்பத்தான் பேர் செல்லும்."
"ரெண்டு நாடா! நான் பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல."
சிரிக்கப் போய் இருமல்.

ஏப்ரல் 8
சேமிப்பகத்திலிருந்து பதில். நான் அனுப்பிய குப்பியில் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸாம், எந்தத் தோட்டத்து மண்ணிலும் கிடைக்கும் சாதாரண பாக்டீரியா. கட்டுரையில் உள்ள மரபணுவோடு ஒத்துப்போகவில்லையாம்.

ஏப்ரல் 17
உறைபெட்டியில் இருந்த எல்லாக் குப்பிகளையும் வளர்த்துப் பார்த்தேன். எல்லாம் அதே.

என் தப்புதான். அண்ணன் தந்த மண்ணில் இருந்த நம் ஆள் சோம்பேறி, வளர்ப்புத் தட்டில் ஒரு புள்ளி வைக்கவே மூன்று வாரம் எடுப்பான். நானோ ஒவ்வொரு முறையும் தட்டில் செழிப்பாக இருந்ததையே தேடித் தேடி அடுத்த தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். ஒட்டிக்கொண்டு வந்த களை அது. கட்டுரையில் உள்ள மரபணு மட்டும் முதல் வருஷமே எடுத்தது, அது நிஜமாக நம் ஆளுடையது. செல்சுவர், வித்துச் சங்கிலி என்று நான் வர்ணித்ததெல்லாம் களையுடையது. எந்தத் தட்டில் செத்தது? அதுகூடத் தெரியாது.

மண்ணும் இல்லை. டப்பாவைக் கழுவிக் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன் — பெரிய பொறுப்புசாலி!

ஏப்ரல் 18
துறைத்தலைவர்: "வாபஸ் வாங்கிடும்மா. உயிர் இல்லன்னா பேரும் இல்ல."

ஏப்ரல் 20
"வெச்சுட்டாங்களா?"
"வெச்சுட்டாங்கண்ணா."
வந்த நர்ஸிடமெல்லாம் சொன்னான். பாவி நான். வேற என்னத்தச் சொல்லித் தொலைக்க?

ஏப்ரல் 26
அண்ணன் போய்விட்டான்.

மே 2
காலையில் வாபஸ் கடிதம் அனுப்பினேன். நான்கு வரி.

மதியம் அண்ணி வந்தார், நினைவு அட்டைக்கான தாளோடு. படத்துக்குக் கீழே: 'இவர் பெயரில் ஓர் உயிர் வாழ்கிறது.'

"உங்கண்ணன் நர்ஸுங்ககிட்ட சொன்னதத்தான் போட்டிருக்கேன். சரியான்னு நீதான் பாக்கணும்."

இரண்டு முறை படித்தேன்.

"சரியா இருக்கு அண்ணி."

"அப்ப இருநூறு அடிக்கச் சொல்லிடறேன்."